சம்பந்தம் பேசப் போன வீதி

சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்குது, கேக்கறதுக்கு உங்களுக்குக் காது இருக்குது, நடுவால "இதெல்லாம் நடக்குமாக்கா?"ன்னு சந்தேகம் வர்றவங்க எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் நிறுத்த மாட்டேன், ஏன்னா நான் குடியிருக்கற கிணத்துமேட்டு வீதியே நில்லுன்னு சொல்லச் சொல்ல நிக்காம ஓடுன வீதி, அதுல இருந்துட்டு நான் மட்டும் எப்படி நிப்பேன்?

முந்தியெல்லாம் எங்க ஈரோட்டுல வீடு வாங்கறவங்கதான் ஏரியா ஏரியாவாச் சுத்துவாங்க. கல்யாணமாகி அஞ்சாறு வருஷம் ஆன சின்னஞ்சிறுசுக, வண்டியில முன்னால ஒரு குழந்தை, நடுவால ஒரு கட்டைப்பைன்னு, ஞாயித்துக்கிழமையானா வெயில்ல கிளம்பிரும், பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வருமா, ஆத்துத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா, மழை பேஞ்சா கணுக்காலளவா முட்டியளவா, பக்கத்து வீட்டுக்காரங்க பேசிப் பழகறவங்களா கதவைச் சாத்தறவங்களான்னு டீக்கடை டீக்கடையா விசாரிச்சு, முகம் கருத்துச் சுண்டி வீட்டுக்குத் திரும்பும். அப்புறம் ஒரு தை மாசத்துல, பொண்ணு பார்க்கப் போற மாதிரி வீதிகளே கிளம்பிப் போயி குடும்பங்களைப் பார்க்க ஆரம்பிச்சுச்சு. மொதல்ல கிளம்புனது செக்குமேட்டு வீதி. வீடு, வாசல், லைட் கம்பம், வேப்பமரம், கட்டியிருந்த எருமை, உள்ளார இருந்த சனம், எல்லாத்தையும் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயி, வாடகை வீட்டுல இருந்த ஒரு புருஷன் பொண்டாட்டி வாசல்ல நின்னுச்சு. ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, இத்தனை பேர் வந்திருக்காங்களே, உக்காரச் சேர் பத்தாதேன்னுதான் அந்தப் பொண்டாட்டிப் புள்ளைக்குக் கவலை.

ஒரு மாசத்துல ஊரே அதுக்குப் பழகிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம், எமகண்டம் மத்தியானம், அதனால பார்க்கப் போறதுன்னா காலையில பத்துக்கு மேல பன்னெண்டுக்குள்ளன்னு ஆச்சு. "வீதிகள் சாலையின் இடதுபுறமாகச் செல்லவும், மேம்பாலத்தில் ஏற வேண்டாம்"னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. கரண்டுக் கம்பி கிளம்பும்போது அறுந்துக்கும், திரும்பி வந்தா தானா ஒட்டிக்கும், அதனால பொம்பளைங்க பத்து மணிக்கு முன்னாலயே மாவாட்டி முடிச்சுருவோம். அடுப்புல பால் வெக்கக் கூடாது, குண்டாவைத் தட்டுப் போட்டு மூடி வெக்கோணும், குளிக்கறவங்க குளிச்சு முடிச்சிரோணும். சாக்கடை மட்டும் கூட வராது. கிணறும் வராது, அது ஆழத்துல இருக்கற கெட்டிக்காரி, இந்த ஆட்டத்துக்கெல்லாம் அசையாது. வீதி போயிட்டா அந்த இடத்துல வெறும் செம்மண்ணு கிடக்கும், பக்கத்துத் தெருப் பசங்க ஓடி வந்து ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவானுக, வீதி திரும்பி வர்ற சத்தம் கேட்டா ஸ்டம்பைப் புடுங்கிட்டு ஓடுவானுக. இவ்வளவுதான் விஷயம், இதுல ஆச்சரியப்படறதுக்கு என்ன இருக்குது?

இப்ப எம்பட கதைக்கு வர்றேன். எம்பட பேரு ருக்குமணி. மூணு ஆம்பளப் பசங்களைப் பெத்தவ. மூணு சம்பந்திமாரும் தாம்பாளத் தட்டைத் தூக்கிட்டு எம்பட வாசல்லதான் வந்து நின்னாங்க, நான் இந்த ஆயுசுல ஒருத்தர் வாசல்லயும் தட்டைத் தூக்கிட்டு நின்னதில்ல, அந்த மிதப்பு எனக்கு உண்டு, இல்லைன்னு சொன்னா புள்ளையார் கண்ணைக் குத்தும். பசங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்கறானுக. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் இருக்கறது நானும் எம்பட செவுரும். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு ரெண்டு வருஷமாப் பூட்டிக் கிடக்குது, வீட்டுக்காரரு சென்னையில, சாவி எங்கிட்ட. "வெலை இதுதானுங்க, ஆனா யாருக்குக் குடுக்கறதுன்னு வீதிக்காரங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னுட்டாரு. அதை ஒரு பிளாஸ்டிக் பைப்பு யாவாரி குடோனுக்குக் கேட்டுட்டே இருந்தான். நீங்களே சொல்லுங்க, பேச்சுத் துணைக்கு மனுசங்க இருக்க வேண்டிய பக்கத்துல நாலிஞ்சுப் பைப்பு அடுக்கி வெச்சிருந்தா நான் யார்கிட்டக் கொத்தமல்லித் தழை கடன் கேக்கறது? எனக்கு அந்த வீட்டுக்குள்ள ஒரு குடும்பம் வேணும். அதுவும் சும்மா இல்ல, சத்தம் போடற குடும்பம் வேணும்.

அப்பத்தான் பூபதி, மைதிலின்னு ஒரு ஜோடி இடம் தேடறாங்கன்னு கேள்விப்பட்டோம். அவன் நூல் மில்லுல சூப்பர்வைசரு, அவ பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு, அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. குடியிருந்த மாடியை வைகாசி முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க, கீழ் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். புள்ளைக்கு ஒண்ணாங் கிளாஸ் சேர்க்கோணும். எங்க வீதி அந்த வாரமே கிளம்பிருச்சு.

போற வழியெல்லாம் ஒரே கொண்டாட்டம். நான் அடுக்களையில நின்னுட்டு சன்னல் வழியாப் பார்க்கறேன், மணிக்கூண்டு போகுது, துணிக்கடை போகுது, டவுன் பஸ்ல இருக்கறவங்க கை காட்டறாங்க, எங்க புள்ளையாரு முன்னால, வேப்பமரம் பின்னால, நடுவால முப்பது வருஷம் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன பொன்னுச்சாமியண்ணன் திருப்பத்துல எல்லாம் விசில் ஊதி, "வளைச்சு வா, வளைச்சு வா, அந்தப் பக்கம் கேபிள் கம்பி இடிக்குது பாரு"ன்னு வீதியையே வளைச்சுக் கொண்டு போறாரு. அவங்க வாசல்ல போயி நின்னதும் மைதிலி மாடியில இருந்து எறங்கி வந்தா. பட்டுச் சேலை இல்ல, நல்ல வாயில் சேலை, நெத்தியில வேர்வை. வாழக்காய் பஜ்ஜியைப் பக்கெட்டுல போட்டு, காபியை அண்டாவுல வெச்சு, வீடு வீடாக் குடுத்துட்டே வந்தா. பஜ்ஜி மொறுமொறுன்னு இருந்துச்சு, காபிதான் கொஞ்சம் தண்ணி.

"ஏனுங்கம்மா, தண்ணி எப்படிங்க?"ன்னு என்கிட்டக் கேட்டா. "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும் கண்ணு, கிணறு இருக்குது, கவலையில்ல"ன்னேன். "மழைக்கு?"ன்னா. "மேடு. பேரைப் பாரு"ன்னேன். நாங்களும் சும்மா விடல. பாப்பா பாடுவாளான்னு ஒருத்தி, பூபதிக்கு நைட் ஷிஃப்ட் உண்டான்னு ஒருத்தர், மாமியார் கூட இருப்பாங்களான்னு இன்னொருத்தி, கேள்வி மேல கேள்வி. அதுக்குள்ள அந்தப் பொண்ணு, பேரு சஷ்விகாவாம், அது வாயில நுழையறதுக்குள்ள புள்ளை பெரியவளாயிரும், அவ படியில இருந்து ஒரே தாவு தாவி எங்க வீதிக்குள்ள குதிச்சா. குதிச்சவ நேரா அந்தப் பூட்டுன வீட்டுக்குப் போயி, கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்து, நான் சாவியோட வந்து தொறந்துவிட்டதும் ஒவ்வொரு ரூமா ஓடி ஓடிக் கத்துனா. வெறும் வீடு, குரல் எதிரொலிச்சுச்சு. அவளுக்குச் சந்தோசம் தாங்கல. செவுத்தை ரெண்டு கையாலயும் அடிச்சு "யாரு உள்ள?"ன்னா. நான் ஓடிப் போயி எம்பட அடுக்களையில நின்னு இந்தப் பக்கமிருந்து தட்டுனேன். அந்தப் பக்கம் சிரிச்சா பாருங்க, அய்யோ, அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் நாலு தட்டுத் தட்டுனேன். இந்தக் குடும்பம்தான், வேற எதுவும் வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா வாய்ல சொன்னனா? சொல்லல. கிளம்பும்போது, மூணு பசங்களுக்குப் பொண்ணு பார்த்த பழக்க தோசத்துல, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிட்டு, "ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்"ன்னேன். அதுக்குப் பூபதி கையைக் கட்டிட்டு, "நாங்களும் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க"ன்னான். எங்க ரெண்டு பேருக்கும் இதுல என்ன கோளாறுன்னு அப்பத் தெரியல.

திரும்பி வந்ததும் புள்ளையார் கோயில் முன்னால கூட்டம். எல்லாருக்கும் புடிச்சிருக்குது. சரி, அப்ப ஆள் அனுப்பலாம்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள பொன்னுச்சாமியண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "ருக்குமணி, அவசரப்படாத. பார்க்கப் போனது யாரு? நாம. பஜ்ஜி போட்டது யாரு? அவங்க. புகுந்த வீட்டுக்கு வரப் போறது யாரு? அவங்க. அப்ப நாம யாரு? மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீடு போயி 'எங்களைப் புடிச்சிருக்குதா'ன்னு கேட்டா நாளைக்கு எவனாச்சும் மதிப்பானா?" கேட்டதும் எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. மாப்பிள்ளை வீடுன்னு சொன்னா எனக்குக் குளுகுளுன்னு இருக்கும், என்ன பண்றது? அவங்களே வருவாங்கன்னு உக்காந்துட்டோம்.

அங்க அவங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு மைதிலி அப்புறமாச் சொன்னா. பூபதியோட சித்தப்பா ஒருத்தரு வந்து உக்காந்துட்டு, "ஏன்டா பூபதி, பத்து இடத்தைப் பார்த்து ஒண்ணைப் புடிக்கறது யாரு? நாம. வேண்டாம்னு சொல்ற உரிமை யாருக்கு? நமக்கு. அப்ப நாமதான்டா மாப்பிள்ளை வீடு. பொண்ணு வீட்டுக்காரங்க வரட்டும்"னு சொல்லிட்டாராம். அவங்களும் உக்காந்துட்டாங்க. ஊருக்குள்ள ரெண்டு மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடே இல்ல. இப்படி ஒரு சம்பந்தத்தை எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?

நாங்க வீம்பா உக்காந்துட்டோம், வீதிக்கு முடியல. அதுக்கு மனசு அங்கயே போயிருச்சு. காலையில எந்திரிச்சுக் கோலம் போடலாம்னு கதவைத் தொறந்தா வீதி கெழக்க நாலு அடி தள்ளி நிக்குது, அடுத்த நாள் இன்னும் நாலு அடி. பால்காரன் பழக்கத்துல எம்பட வீடுன்னு நெனச்சு எதிர்வீட்டுக் குண்டாவுல ஊத்திட்டுப் போறான். லைட் கம்பமெல்லாம் அந்தப் பக்கமாச் சாஞ்சு நிக்குது. கொழாயைத் தொறந்தா தண்ணி நேரா விழாம கெழக்க பார்த்து விழுகுது, குடத்தைத் தள்ளி வெச்சுப் புடிக்க வேண்டியதாப் போச்சு. வேப்பமரம் சித்திரை முடிஞ்ச பொறவும் பூவாக் கொட்டுது. "வெக்கங்கெட்ட வீதி, நம்ம மானத்தை வாங்குது"ன்னு பொன்னுச்சாமியண்ணன் மாரியம்மன் கோயில்ல இருந்து தேர் வடத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்து, வீதியை இழுத்துப் பழைய எடத்துல நிறுத்தி, அசையாத எங்க கிணத்துத் தூணோட கட்டுனாரு. ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஏலேலோன்னு இழுத்துக் கட்டுனாங்க. கட்டுன பொறவும் வடம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது.

இப்படியே ரெண்டு வாரம். வைகாசி முடியப் போகுது. வெள்ளிக்கிழமை பைப்பு யாவாரி டேப்போட வந்து எம்பட பக்கத்து வீட்டு ஹாலை அளந்துட்டு, "அக்கா, இந்த ரெண்டு கதவையும் எடுத்துட்டு ஷட்டர் போட்டுக்கறேன்"ன்னான். சனிக்கிழமை கீரைக்காரம்மா வந்து இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டா. "ஏனுக்கா, உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு நீலாம்பரி கார்டன்னு அந்தப் பெரிய காலனி, அந்த டீச்சரம்மா வீட்டுக்கு உறுதி பேச வருதாம். கேட்டு, வாட்ச்மேனு, தண்ணி பீச்சியடிக்கற தொட்டி, எல்லாத்தோடயும்." கீரையை ஆயாம அப்படியே வெச்சுட்டு அடுக்களைச் செவுத்துல சாஞ்சு உக்காந்தேன். மாப்பிள்ளை வீடு மாப்பிள்ளை வீடுன்னு நெஞ்சை நிமித்திட்டு இருந்தா, அந்தப் புள்ளை தண்ணி பீச்சற தொட்டி இருக்கற எடத்துக்குப் போயிருவா, நான் பைப்போட பேசிட்டு இருப்பேன். எந்த வீடா இருந்தா என்ன, எனக்கு அவங்க வேணும். அதை ஒத்துக்கறதுக்கு எனக்குச் சனிக்கிழமை பூராம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில தலைக்குத் தண்ணி வாத்துட்டு, தாம்பாளத்துல தேங்காய், பழம், வெத்தலைபாக்கு, மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ எல்லாம் வெச்சு, அதை இடது கையில ஏந்திக்கிட்டு, வலது கையில அருவாளோட கிணத்துமேட்டுக்குப் போனேன். பொன்னுச்சாமியண்ணன் குளிக்கப் போனவரு துண்டோட ஓடி வந்தாரு. "ருக்குமணி, என்ன பண்ற? வீதி மானம் போயிரும்!"

"போகட்டுமுங்கண்ணா. மானத்தை வெச்சுட்டு நான் அந்த வீட்டுல வெளக்கா ஏத்தறது? நாம பொண்ணு வீடு. இன்னிலிருந்து நாம பொண்ணு வீடு. யாராச்சும் வேண்டாங்கறீங்களா?"

வீதி விளிம்புல காலை ஊணிக்கிட்டேன். வடத்துல ஒரு போடு போட்டேன்.

அடேங்கப்பா! அறுத்ததுதான் தெரியும், வீதி எடுத்துச்சு பாருங்க ஓட்டம். புள்ளையாரு முன்னாலயே ஓடறாரு, வீடுக பின்னால குலுங்கிக் குலுங்கி வருது, மொட்டை மாடியில காயப் போட்ட வடகமெல்லாம் பறக்குது, கொடியில கிடந்த சேலைக கொடி புடிச்ச மாதிரி வீசுது, எருமை கத்துது, சோப்பு நுரையோட பொன்னுச்சாமியண்ணன் ஒரு கையால துண்டைப் புடிச்சுட்டு மறு கையால விசில் ஊதறாரு, டவுன் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிட்டோம், டிரைவர் தலையை நீட்டித் திட்டறான், நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு சிரிக்கறோம். இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்குக் குலவை போடத் தோணும்னு யார் நெனச்சா? போட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் கூடப் போட்டாங்க.

அவங்க வாசலுக்குப் போனா நீலாம்பரி கார்டன் எங்களுக்கு முன்னால வந்து நிக்குது. பளபளன்னு பெரிய கேட்டு, தொட்டியில தண்ணி பீச்சுது, வாட்ச்மேன் சல்யூட் அடிச்சுட்டு, அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னுட்டு எங்களைப் பார்த்து "யாரைப் பார்க்கோணும்?"ங்கறான். நான் பதில் சொல்லாம மாடியைப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்துச்சு. கீழ் வீட்டுக்காரர் வெளிய வந்து, "அவங்க விடியறப்பவே தட்டெல்லாம் எடுத்துட்டு எங்கயோ கிளம்பிட்டாங்களே, உறுதி பண்ணப் போறோம்னு சொன்னாங்க"ன்னாரு. எங்க போனாங்கன்னு அவருக்கும் தெரியல. எங்களையும் விட்டு, நீலாம்பரியையும் விட்டு, வேற எந்த இடத்தையோ பார்த்து முடிச்சுட்டாங்கன்னு எனக்குத் தோணிருச்சு. தட்டு கனத்துப் போச்சு. வந்த வேகமெல்லாம் எங்க போச்சோ, வீதி பொடிநடையாத் திரும்புச்சு, நான் முந்தானையில கண்ணைத் தொடச்சுட்டே வந்தேன்.

எங்க எடம் நெருங்குச்சு. செம்மண்ணுல கிரிக்கெட் ஆட்டம் நடக்குது. கிணத்துக்கு இந்தப் பக்கம் அந்த மண்ணுலயே மூணு பேரு நிக்கறாங்க. பூபதி புது வேட்டியில. மைதிலி பட்டுச் சேலையில, கையில தாம்பாளம், அதுல தேங்காய் பழம் பூ எல்லாம். அந்தப் பொடிசு பசங்ககிட்ட மட்டையைப் புடுங்கப் பார்த்துட்டு இருந்தா.

வீதி விளிம்புல வந்து சடக்குன்னு நின்னுச்சு. நானும் மைதிலியும் தட்டும் கையுமா ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறோம்.

"எங்கம்மா போனீங்க எல்லாரும்?"ன்னா அவ, அழுகற குரல்ல. "வந்து பார்த்தா வீதியே இல்ல. நீங்களும் வேற யாரையோ பார்க்கப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டோம். சித்தப்பா சொன்னதைக் கேட்டது தப்புங்கம்மா. நாங்க பொண்ணு வீடாவே இருந்துக்கறோமுங்க."

"அதெப்படி? நாங்கதான் பொண்ணு வீடு"ன்னேன்.

"இல்லீங்க, நாங்க."

"கண்ணு, நான் வடத்தை அறுத்துட்டு வந்திருக்கேன், என்கிட்ட வம்பு பண்ணாத!"

ரெண்டு பேரும் தட்டை நீட்டறோம், ரெண்டு பேர் கையும் நெறஞ்சிருக்குது, வாங்கறதுக்குக் கையில்ல. பொன்னுச்சாமியண்ணன் துண்டோட நின்னுட்டு, "ரெண்டு பொண்ணு வீடு இருந்தா ரொம்ப நல்லதும்மா, ஒருத்தருமே முறுக்கிக்க மாட்டாங்க"ன்னாரு, நேத்து வரைக்கும் மாப்பிள்ளை வீடுன்னு குதிச்ச மனுசன். எல்லாரும் சிரிச்சாங்க, நான் சிரிக்கல. எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணு இருந்துச்சு. மூணு கல்யாணம் பண்ணி வெச்சும் நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல, எம்பட சம்பந்திமாரு எத்தனை நடுக்கத்தோட என்கிட்டக் கேட்டிருப்பாங்கன்னு அப்பத்தான் உரைச்சுச்சு. தொண்டையைக் கனைச்சுட்டுக் கேட்டேன்.

"எங்களைப் புடிச்சிருக்குதா சாமி?"

அவ வாய் தொறக்கறதுக்குள்ள வீதிக்குப் பொறுமை போயிருச்சு. "நகருங்க நகருங்க"ன்னு பசங்க ஸ்டம்பைப் புடுங்கிட்டு ஓட, பொன்னுச்சாமியண்ணன் விசிலை வாயில வெச்சு, "வா, வா, வா, கொஞ்சம் லெஃப்டு, பார்த்து, புள்ளை நிக்குது, மெல்ல, மெல்ல, ஹோல்டான்!"னு கத்த, வீதி அவங்க மூணு பேரையும் சுத்தி எறங்குச்சு. அந்தப் பூட்டுன வீடு, அவங்க நின்ன எடத்துக்கு மேலயே, கோழிக்குஞ்சு மேல கூடை கவுக்கற மாதிரி, ஒரு ஓடு அசையாம வந்து உக்காந்துச்சு. அவங்க உள்ள இருக்கறாங்க. நாங்க வெளிய, வாசல்ல. வெளிப் பூட்டு தானாக் கழண்டு விழுந்துருச்சு, கதவு சாத்தியிருக்குது. நான் தட்டும் கையுமா, ஆயுசுல மொத தடவையா, ஒரு மூடுன கதவுக்கு முன்னால நின்னேன்.

உள்ளயிருந்து தாழ்ப்பாள் எடுக்கற சத்தம் கேட்டுச்சு. கதவைத் தொறந்துட்டு மைதிலி நிலைப்படியில வந்து நின்னா, அவ வீடு அது, அவ நின்ன நிப்பே அப்படி இருந்துச்சு. எம்பட தட்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா.

"ஏனுங்கத்தை, வெளியவே நிக்கறீங்க?"ன்னா. "உள்ள வாங்க."